உறுமி போன வழியும் உப்புவெளிக் கடற்கரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளில் சீசன் நாட்களில் டிஜே வைத்து நடத்தும் இரவு ஆட்டங்களைப் பற்றி எழுதப்படும் வாசகர் கடிதங்கள் இரண்டே வகை. "நம் பண்பாடு கெடுகிறது, நிறுத்துங்கள்" என்பது ஒன்று. "உல்லாசப் பயணிகள் வருகிறார்கள், நாலு குடும்பம் பிழைக்கிறது, விடுங்கள்" என்பது மற்றது. ஒலி, ஒளி, துணி அச்சு ஆகிய தொழில்களில் இருக்கும் எங்களுக்கு இரண்டிலும் ஒரே குறைதான் தெரிகிறது. அங்கே ஒலிப்பது என்ன, அது எப்படிச் செய்யப்பட்டது, இங்கே வந்ததும் அது ஏன் வெறும் இரைச்சலாகிறது என்று எவரும் கேட்பதில்லை.

அந்த மேடைகளில் ஓடும் பாட்டுகளிலும் ஆடுவோரின் உடுப்பிலும் ஒருவருடைய கை இருக்கிறது. எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசம். 1975இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, போர் தொடங்கிய பின் சிறுமியாகவே லண்டன் திரும்பியவர். அவருடைய அரசியலைப் புகழ்வோரும் ஏசுவோரும் ஏராளம். அதை அவர்களிடமே விட்டுவிடுகிறோம். எங்களுக்கு வேண்டியது அவருடைய கைவேலை.

பாட்டுக்கு வருமுன் அவர் ஸ்டென்சில் ஓவியக்காரர்; வெட்டிய தகட்டின் மேல் சாயம் பூசி உருவம் எடுப்பவர். லண்டன் சென்ட்ரல் சென் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் படித்தவர். எலாஸ்டிகா என்ற ரொக் குழுவுக்கு 2000இல் இசைத்தட்டு உறை செய்து கொடுத்தார். அந்தக் குழுவின் அமெரிக்கப் பயணத்தைப் படம்பிடிக்கப் போன இடத்தில், பீச்சஸ் என்ற கனடியப் பாடகி மூலம் ரோலண்ட் எம்.சி.-505 என்ற கருவி அவருக்கு அறிமுகமானது. ரோலண்டின் பழைய 808, 909 மேளப் பெட்டிகளின் ஒலிகளை உள்ளேயே வைத்திருக்கும் மேசைக் கருவி அது. தாளத்துக்கு ஒரு தடம் (தனித்து ஓடும் ஒலி வரிசை), மற்ற ஒலிகளுக்கு ஏழு தடம், மொத்தம் எட்டு. இன்றைய கணினியில் நூறு தடம் திறக்கலாம் என்பதால் எட்டு என்பது குறையாகத் தோன்றும். ஆனால் அவருடைய முதற்பாட்டுகள் கிளப்பில் எடுபட்டதற்கு அந்தக் குறையும் ஒரு காரணம். ஒரு கிக் (காலால் அடிக்கும் பெரிய மேளத்தின் ஒலி), ஒரு கைதட்டு, கரகரவென்று ஒரு பாஸ் (தாழ்ந்த அடியொலி), மேலே குரல். நடுவில் நிறைய வெற்றிடம். பெரிய ஸ்பீக்கரில் போடும்போது அந்த வெற்றிடம்தான் அடுத்த அடியைப் பெரிதாக்குகிறது.

முதற்பாட்டு 2003இல் வெறும் 500 இசைத்தட்டுகளாக வெளிவந்தது. தந்தையின் பெயரில் 'அருளர்' 2005இலும், தாயின் பெயரில் 'கலா' 2007இலும் வந்தன. 'அருளர்' தொகுப்பில் பிரேசிலின் ரியோ நகரச் சேரிகளில் ஆடப்படும் பைலே ஃபங்க் தாளம் இருக்கிறது. டெய்சி டிக்ரோனா என்ற ரியோ பாடகியின் பாட்டுத் துண்டு அப்படியே எடுத்தாளப்பட்டிருக்கிறது. 'கலா'வில் உறுமி வந்தது. அமெரிக்க விசா இழுபறியானதால் அவர் பல நாடுகளில் அலைந்து பதிவு செய்த தொகுப்பு அது; சென்னையும் அதில் ஒன்று. 'பேர்ட் ஃப்ளூ', 'போய்ஸ்' இரண்டிலும் அடியில் உறுமுவது நம் உறுமிதான். கோயில் வாசலிலும் சாவு வீட்டிலும் கேட்ட அந்த உறுமலை லண்டன், நியூயோர்க் டிஜேக்கள் நள்ளிரவில் போட்டார்கள். பிறகு 'பேப்பர் பிளேன்ஸ்' அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடம் வரை ஏறியது. அதில் துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டி மணியும் மேள அடியின் இடத்தில் நிற்கின்றன.

எல்லாம் அவர் ஒருவரின் சாதனை என்று எழுதினால் அது பொய். தெருவில் பெரிய ஸ்பீக்கர் அடுக்கிப் பாட்டுப் போடும் ஜமெய்க்காவின் சவுண்ட் சிஸ்டக்காரர்கள், ரியோவின் சேரிப் பாடகர்கள், டிப்ளோ, ஸ்விட்ச் போன்ற தயாரிப்பாளர்கள், பெயர் தெரியாத உறுமிக்காரர்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு. இலங்கையிலேயே எழுபதுகளில் ஏ. ஈ. மனோகரன் பைலாத் தாளத்தைத் தமிழ்ப் பொப்பில் ஏற்றி மேடைகளை ஆட்டிவிட்டார். எம்.ஐ.ஏ. செய்தது, இந்தத் தாளங்களை ஒரே இரவில் ஒன்றன்பின் ஒன்றாகப் போடலாம் என்று கிளப் டிஜேக்களுக்குக் காட்டியது. அதுவரை ஹவுஸ் இசை போடும் கிளப்பில் ஹவுஸ், ரெக்கே இசை போடும் கிளப்பில் ரெக்கே என்றுதான் பெரும்பாலும் இருந்தது.

இங்கே நடப்பது என்ன? அவரிடமிருந்து சத்தத்தையும் மினுமினுப்பையும் எடுத்துக்கொண்டு வெற்றிடத்தை விட்டுவிட்டோம். கிக்குக்கு மேல் பறை, பறைக்கு மேல் தவில், அதற்கு மேல் சினிமாப் பாட்டு, எல்லாவற்றுக்கும் மேல் மைக்கில் டிஜேயின் கத்தல். அடுக்க அடுக்க ஒன்றும் கேட்காது. கேட்காததால் ஒலியைக் கூட்டுவார்கள். கூட்டினால் அம்ப் (ஒலியை வலுவாக்கும் கருவி) திணறும். ஊரார் பொலிஸுக்குப் போவது அதன் பிறகுதான்.

முதலில் மேளம். உறுமியின் ஒரு முகத்தில் குச்சியால் தேய்ப்பார்கள், மறு முகத்தில் அடிப்பார்கள். தேய்க்கும்போது சுருதி வழுக்கி ஏறி இறங்கும். அடித்தொண்டையில் வரும் அந்த ஒலி, கிக் மேளம் நிற்கும் இடத்திலேயே வந்து உட்காரும். இரண்டையும் அப்படியே விட்டால் ஒரு அடி திமிறும், அடுத்த அடி காணாமற் போகும். உறுமித் தடத்தில் 90 ஹெர்ட்ஸுக்கு (செக்கனுக்கு 90 அதிர்வுக்கு) கீழே வெட்டிவிட்டு, கிக்கை 50 முதல் 60 வரை உள்ள இடத்தில் தனியே விடவேண்டும். கிக் விழும் கணத்தில் உறுமியை 3 அல்லது 4 டெசிபல் தாழ்த்தும்படி, ஒலியைத் தானாக அமுக்கும் கம்ப்ரெஸரை இணைத்து, 100 மில்லி செக்கனுக்குள் அது மீளும்படி வைத்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று வழிவிடும். இன்னும் நல்லது, உறுமி வரும் எட்டு அட்சரத்துக்கு கிக்கையே நிறுத்திவிடுவது. ஆடுகிறவர்களின் கால் நிற்காது; காது நிமிரும்.

கிழக்கில் உறுமி அரிது. மலையகத்தில்தான் அதற்கு ஆள் உண்டு. இங்கே கிடைப்பவை பறையும் உடுக்கும் மத்தளமும். அவற்றை நேரடியாக மேடையில் சேர்ப்பவர்கள் ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். மேளக்காரரை ஸ்பீக்கரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நிறுத்துவார்கள். பத்து மீட்டர் கடக்க ஒலிக்கு ஏறத்தாழ 29 மில்லி செக்கன் வேண்டும். அவர் காதில் விழும் தாளத்துக்கு அவர் சரியாகவே அடிப்பார். கூட்டத்துக்கு அது பிந்திக் கேட்கும். "உங்கள் ஆளுக்குத் தாளம் வராது" என்று டிஜே முகம் சுளிப்பார். தாளம் அந்த மனிதரிடம்தான் இருக்கிறது. அவர் காலடியில் ஒரு சிறிய மொனிட்டர் ஸ்பீக்கரை வைத்து, கிக்கை மட்டும் அதில் விட்டால் பிரச்சினை முடிந்தது. இரண்டு முகத்துக்கும் இரண்டு மைக் வைத்தால் ஒன்றின் துருவத்தை (பிளஸ், மைனஸ் திசையை) மாற்றிப் பார்த்து, எதில் கனம் கூடுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தோல் உள்ளே போகும்போது மற்றது வெளியே வருவதால் இரண்டு மைக்கும் ஒன்றையொன்று அழிக்கும்.

பைலாவிலிருந்து கிளப் தாளத்துக்கு மாறும் இடம் இன்னொரு சிக்கல். பைலாவில் ஒரு அடி மூன்றாகப் பிளக்கும். கிளப் தாளத்தில் நாலாகப் பிளக்கும். இரண்டு பாட்டின் வேகத்தைத் தானாக ஒப்பாக்கும் மென்பொருளின் சிங்க் பொத்தான் இதைக் குழப்பி, வேகத்தை ஒன்றரை மடங்காகவோ மூன்றில் இரண்டாகவோ காட்டிவிடும். கையால் தட்டி பெரிய அடிகளை மட்டும் குறித்து, அவற்றை கிக்கின் மேல் வைக்கவேண்டும். ஹை-ஹட் (சிறு தாளம்போல் விட்டுவிட்டு ஒலிக்கும் உலோகத் தட்டு) ஓடும் பகுதியில் மாற்றாதீர்கள். மூன்றும் நாலும் மோதுவது அங்கேதான் காதில் குத்தும். கிக் மட்டும் ஓடும் இடத்தில் மாற்றுங்கள். இணையத்தில் சும்மா இறக்கிய 128 கிலோபிட் கோப்பு கைத்தொலைபேசியில் நன்றாகத்தான் கேட்கும். பெரிய ஸ்பீக்கரில் மேல் ஒலி மழுங்கி, கைதட்டு ஈரச்சாக்கில் அடித்ததுபோல் ஆகும்.

அடுத்தது பாஸ். முறைப்பாடு பெரும்பாலும் இதனால்தான். 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 7 மீட்டர். அதைச் சுவரோ தென்னோலையோ தடுக்காது. இங்கே வழக்கம், மேடையின் இடப்பக்கம் ஒரு பாஸ் பெட்டி, வலப்பக்கம் ஒன்று. பார்க்க அழகு. ஆனால் நடுவில் ஒரு கீற்றில் பாஸ் நெஞ்சை உதைக்கும். பக்கவாட்டில் சில இடங்களில் இரண்டு பெட்டியின் அலையும் எதிரெதிராக வந்து அழியும். அங்கே நிற்பவர் "பாஸ் இல்லை" என்பார், ஒலியைக் கூட்டுவார்கள், நடுவில் நிற்பவரின் காது போகும். இரண்டையும் நடுவில் ஒட்டி வையுங்கள். அதே கரண்டில் கூடுதல் பாஸ் கிடைக்கும்.

ஊர்ப்பக்கம் பாஸ் போகாமல் தடுக்கவும் வழி உண்டு. புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை. ஒரே மாதிரியான இரண்டு பாஸ் பெட்டிகளை ஒன்றுக்குப் பின் ஒன்றாக 1.4 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். பின்பெட்டியின் துருவத்தை மாற்றி, அதற்கு 4 மில்லி செக்கன் தாமதம் கொடுங்கள். 60 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி முன்னால் கூடும், பின்னால் அழியும். பின்னால் போய் நின்று கேட்டால் நம்பமாட்டீர்கள். பிழை வருவது இரண்டு இடத்தில்: துருவத்தை மாற்ற மறந்தால் விளைவு தலைகீழாகும், பாஸ் முழுவதும் ஊருக்குள் போகும், பெட்டிக்குப் பின்னால் ஒரு மீட்டருக்குள் மதிலோ கொன்டேனரோ இருந்தால் அழிய வேண்டிய ஒலி அதில் பட்டுத் திரும்பும்.

பிறகு காற்று. சீசனில் வீசுவது கச்சான். தரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று. ஸ்பீக்கர் முகத்தைக் கடலுக்குத் திருப்பி, கூட்டத்தை ஸ்பீக்கருக்கும் அலைக்கும் நடுவே நிறுத்தினால் கச்சான் நமக்குத் துணை. காற்றின் போக்கில் போகும் ஒலி தரைப்பக்கம் வளைந்து வெகுதூரம் போகும். காற்றை எதிர்த்துப் போவது மேல்நோக்கி வளைந்து கரைந்துவிடும். கடலிலிருந்து காற்று திரும்பும் மாலைகளில் இது எதிர்மாறு. அதனால் கொடி ஒன்றைக் கட்டிவைத்து, காற்று மாறினால் ஒலியை 3 டெசிபல் குறைக்க ஓர் ஆளை நியமிப்பது வீண் செலவு அல்ல.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இல் உத்தரவிட்டது. விசேட நிகழ்வுகளுக்கு விலக்குக் கொடுக்க அந்த உத்தரவில் இடம் இருந்தது. இதை எதிரியாகப் பார்க்கிறார்கள். கிளப் என்றால் நள்ளிரவில்தான் என்ற எண்ணம் குளிர் நாட்டிலிருந்து வந்தது. இங்கே ஏழு மணிக்கு இருட்டிவிடும். ஏழிலிருந்து பத்து வரை மூன்று மணி நேரம் போதாதா? உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசைக்கூடங்களுக்கு வகுத்த வரம்பு, 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபல். தொலைபேசிச் செயலியின் அளவு திருத்தமானது அல்ல. இருந்தாலும் அது 105 காட்டும்போது கையைக் கீழே கொண்டுவரலாம்.

கரண்ட் விடயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம், ஏனென்றால் இதில் பிழை விட்டால் உயிர் போகும். விளக்கையும் ஒலியையும் ஒரே ஜெனரேட்டரில் கொடுக்காதீர்கள். பாஸ் அடிக்கும்போது மின்னழுத்தம் விழுந்து விளக்கு சிமிட்டும், அம்ப் தானாக நின்றுவிடும். 50 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்தால் 13 அம்பியரில் 15 வோல்ட் வயரிலேயே தொலையும், 2.5 போட்டால் இழப்பு 10க்குள் நிற்கும். காய்ந்த மணலில் எர்த் கம்பி அடிப்பது ஒப்புக்குத்தான். ஈர மணல் வரும்வரை இறக்குங்கள். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாமல், வெறுங்காலோடு ஆடும் கூட்டத்துக்கு நடுவே வயர் போகவே கூடாது. நிகழ்ச்சி முடிந்ததும் பிளக்குகளை நன்னீர் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். உப்புப் படிந்த பிளக் அடுத்த வாரம் பச்சை பிடித்துக் கரகரக்கும்.

இனி உடுப்பு. எம்.ஐ.ஏ.யின் நிறங்கள் ஃப்ளோரசன்ட் பச்சை, மஞ்சள், இளஞ்சிவப்பு, ஸ்டென்சில் உருவங்கள், சந்தையில் கிடைக்கும் மலிவுத் துணியின் பூப்போட்ட அச்சு. 2008இல் 'ஓக்லி ரன்' என்ற உடுப்பு வரிசை ஒன்றைக் கொண்டுவந்தார். 2013இல் வெர்சாச்சி நிறுவனத்தின் வெர்சஸ் வரிசைக்கு அவர் வரைந்தது, தெருக்கடையில் விற்கும் வெர்சாச்சி போலிகளைப் பார்த்து. பெரிய நிறுவனத்தைக் கொண்டே அதன் போலியை விற்க வைத்த குறும்பு அது. அந்தப் போலிகளின் தம்பி, தங்கைகள் நம் கடைத்தெருவிலும் தொங்குகின்றன. கொழும்பிலிருந்து விலை கொடுத்து "பார்ட்டி உடுப்பு" வரவழைப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

அச்சடிக்கும் இளையோருக்குச் சில குறிப்புகள். ஃப்ளோரசன்ட் சாயம் கண்ணாடிபோல் ஊடுருவும் தன்மை கொண்டது. கறுப்பு ரீசேர்ட்டில் நேரே போட்டால் சேறுதான். முதலில் வெள்ளை ஒரு பூச்சு, அது காய்ந்தபின் நிறம். அச்சுச் சட்டத்துக்கு 43ஆம் இலக்க வலை (சென்ரிமீட்டருக்கு 43 இழை) சரிவரும். அதைவிட நெருக்கமான வலையில் சாயத்தின் தடிப்புக் குறையும், ஒளிராது. நீர்ச் சாயத்துக்கு 100 கிராம் பைண்டருக்கு (நிறத்தைத் துணியில் பிடிக்க வைக்கும் பசைக்கு) 20 முதல் 30 கிராம் நிறம். 150 பாகை சூட்டில் மூன்று நிமிடம் வேகவைக்காவிட்டால் முதற் துவைப்பிலேயே கழன்றுவிடும். வெயிலில் காயப்போடாதீர்கள், ஃப்ளோரசன்ட் நிறத்துக்கு நம் வெயிலைப்போல் எமன் இல்லை. ஸ்டென்சில் வெட்டப் பழைய எக்ஸ்ரே பிலிம் அருமையான பொருள். ஆங்கில எழுத்துக்குப் பழகிய கை தமிழில் ஏமாறும். ன, ண, ள, கொம்பு, இரட்டைக் கொம்பு எல்லாவற்றிலும் சுழி மூடியிருக்கும். வெட்டினால் சுழியின் நடுப்பகுதி கழன்று விழுந்து ஓட்டைதான் மிஞ்சும். ஒவ்வொரு சுழிக்கும் 2 மில்லிமீட்டரில் ஒரு பாலம் விடுங்கள். அந்தப் பாலம் தெரிவதுதான் ஸ்டென்சிலின் அழகு, மறைக்காதீர்கள்.

இந்த உடுப்பு நன்றாக ஒளிர வேண்டுமானால் 365 நானோமீட்டர் அளவிலான கறுப்பொளி (புற ஊதா) விளக்கு வேண்டும். மலிவாக வரும் விளக்குகள் பெரும்பாலும் 395க்கு மேல். அவை எல்லாவற்றையும் ஊதாவாக்கி, ஒளிர்வதை எடுபடாமற் செய்துவிடும். சலவைத்தூளில் துவைத்த வெள்ளை வேட்டி கறுப்பொளியில் நீல வெள்ளையாக எரியும், தூளில் இருக்கும் ஒளிரூட்டிதான் காரணம். பழைய சொட்டு நீலம் போட்ட வேட்டிக்கு அது வராது. மஞ்சள் தூள் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். கோயிலிலிருந்து நேரே வந்தவர்களின் கையும் முகமும் ஒளிர்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்! விட்டுவிட்டு மின்னும் வெட்டொளியை (ஸ்ட்ரோப்) மட்டும் செக்கனுக்கு நாலு வெட்டுக்கு மேல் விடாதீர்கள். வலிப்புள்ளவர்களுக்கு அது ஆபத்து.

ஹோட்டல் நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். டிஜேக்குக் கொடுக்கும் முன்பணத்தைப்போல் மேளக்காரருக்கும் முன்பணம் கொடுங்கள். "சாப்பாடும் போக்குவரத்தும் தருகிறோம்" என்று கூப்பிடாதீர்கள். அவரை ஏழரை மணிக்கே மேடை ஏற்றுங்கள். எட்டரைக்குப் பிறகு கடலின் ஈரம் ஏறித் தோல் தொய்யும், பறை மொத்தென்று ஒலிக்கும். அதற்கு மேலும் அவர் அடிக்க வேண்டுமென்றால், மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டரிலிருந்து தள்ளி ஒரு சட்டியில் நெருப்பும், காய்ச்சிய பறையை மாற்றிக் கொடுக்க ஓர் ஆளும் வேண்டும்.

இப்படிக்கு,
ஒலி, ஒளி, துணி அச்சுத் தொழில் செய்வோர்,
உப்புவெளி, திருகோணமலை.